அப்டேட் ஆனதும் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா? ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து நம்ம கரைப்பக்கம், அங்கிட்டு தொண்டியில இருந்து இங்கிட்டு சாயல்குடி வரைக்கும், ஐஸ் கம்பெனி ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ராமேஸ்வரம் லாட்ஜ் ரிசப்ஷன்னு எல்லா எடத்துலயும் இருக்குற டெஸ்க்டாப் ஒவ்வொண்ணா விண்டோஸ் 11-க்கு மாறிக்கிட்டு இருக்கு. மாறின மறுநாளே போன் வர ஆரம்பிச்சிருது, ஃபைலக் காணோம், தமிழ் வரமாட்டேங்குது, பிரிண்டர் செத்துப்போச்சுன்னு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா பாதிப் பேருக்குக் கெடைக்கிற ஒரே வைத்தியம் ஃபார்மேட்தான். எனக்கு அதுலதான் கோவம் வரும், ஏன்னா ஃபார்மேட் போட்டா பிரச்சனை போகுதோ இல்லியோ, பத்து வருசமா சேத்து வச்ச தமிழ் ஃபான்ட்டு, பில்லு டேட்டா, புள்ளைங்க போட்டோ எல்லாம் போயிரும்.

அதனால அறிகுறிய வச்சுப் பிரிச்சு எழுதிருக்கேன். மொதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. அப்டேட்டுக்கு அப்புறம் வர்ற கோளாறு மூணு வகைதான். ஒண்ணு, பொருள் எடம் மாறியிருக்கும், தொலைஞ்சிருக்காது. ரெண்டாவது, டிரைவரோ (பிரிண்டர், வைஃபை மாதிரி பொருள ஓட்டுற சாஃப்ட்வேர்) செட்டிங்கோ மாறியிருக்கும். மூணாவது, அப்டேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, உப்புக்காத்தும் கரண்டும் பண்ணுன வேலையா இருக்கும், பழி மட்டும் அப்டேட் மேல விழும். நம்ம ஊர்ல மூணாவது ஜாஸ்தி. உங்க மிஷின்ல என்ன வெர்ஷன் இருக்குன்னு தெரியலேன்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல கடைசியா அபவுட்னு இருக்கும், அங்க 23எச்2, 24எச்2, 25எச்2ன்னு ஏதாவது போட்டிருக்கும், அதக் குறிச்சு வச்சுக்கங்க, யார்ட்ட கேட்டாலும் மொதக் கேள்வி அதுதான்.

ஸ்டார்ட் பட்டன் நடுவுல வந்துருச்சு, ரைட் கிளிக் பண்ணா பழைய மெனு வரல

இது கோளாறே இல்ல. டாஸ்க்பார்ல காலி எடத்துல ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்க, கீழ டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்னு இருக்கும், அதுல அலைன்மென்ட்ட லெஃப்ட்னு வச்சா பழையபடி இடது ஓரத்துக்குப் போயிரும். ரைட் கிளிக் மெனுவுல காப்பி, கட், பேஸ்ட்லாம் மேல சின்னப் படமா இருக்கும், சில வெர்ஷன்ல பேரு கூட போட்டிருக்காது, உத்துப் பாருங்க. பழைய நீள மெனு வேணும்னா ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டே ரைட் கிளிக் பண்ணுங்க, நேரா அதே வரும். கன்ட்ரோல் பேனலும் இன்னும் இருக்கு, ஸ்டார்ட்ல பேர அடிச்சாப் போதும். வேர்ட்பேட் மட்டும் 24எச்2-ல இருந்து நெசமாவே எடுத்துட்டாங்க, அதத் தேடி நேரத்த வீணாக்காதீங்க.

டெஸ்க்டாப்ல இருந்த ஃபைல் பூராத்தையும் காணோம்

பதறாதீங்க, பதட்டத்துல எதையும் டெலீட்டும் பண்ணிராதீங்க. அப்டேட் முடிஞ்சதும் வரிசையா கேள்வி கேக்கும்ல, அதுல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போனா ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டோட நெட் ஸ்டோரேஜ்) பேக்கப் ஆன் ஆயிரும். ஆனதும் உங்க டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணு ஃபோல்டரும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள போயி உக்காந்துரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரத் தொறந்து இடது பக்கம் மேக மாதிரி நீலப் படம் போட்டு உங்க பேரு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போயி டெஸ்க்டாப்பத் தொறங்க. பெரும்பாலும் அங்கதான் கெடக்கும். அங்க இல்லேன்னா சி டிரைவ்ல யூசர்ஸ், உங்க பேரு, டெஸ்க்டாப், அதையும் பாருங்க, ரெண்டு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருக்குறதுதான் இந்தக் கொழப்பத்துக்கே காரணம்.

ஒன்டிரைவ்ல இலவசமா கெடைக்கிறது 5 ஜிபி. ஒரு கல்யாண ஆல்பம் ஏத்துனாலே நெறஞ்சிரும், நெறஞ்சதும் காசு கட்டு காசு கட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். வேண்டாம்னா டாஸ்க்பார்ல மேகப் படத்தக் கிளிக் பண்ணி, பல்சக்கரத்தத் தொட்டு, செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப். அங்க மூணு ஃபோல்டரையும் ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணதும் ஃபைல் பழைய எடத்துக்குத் தானா வரணும்னு இல்ல, பல நேரம் ஒன்டிரைவ் ஃபோல்டர்லயே தங்கிரும், நீங்கதான் கட் பண்ணி கொண்டுவந்து போடணும். மேகத்துல, அதாவது நெட்ல மட்டும் இருக்குற ஃபைலா இருந்தா மொதல்ல டவுன்லோட் ஆகி முடியட்டும், பச்சை டிக் வந்தப்புறம் எடுங்க.

லாகின் பண்ணும்போதே அக்கவுண்ட்டுக்குள்ள போக முடியலன்னு ஒரு எச்சரிக்கை வந்து, வால்பேப்பர் எல்லாம் புதுசா இருந்துச்சுன்னா அது டெம்பரரி புரொஃபைல். அதுல எதையும் சேவ் பண்ணாதீங்க, சைன் அவுட் பண்ணா போயிரும். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அநேகமா சரியாயிரும்.

தமிழ் பூரா பூச்சி பூச்சியா வருது

இதக் கொஞ்சம் வெலாவாரியாவே சொல்றேன், ஏன்னா அதிகமா அழ வைக்கிறது இதுதான். கீழக்கரையில ஒரு டிடிபி கடையில போன வாரம் பாத்தேன், கடைக்காரரு ஃபார்மேட் போட்டு வாங்கிட்டு வந்த சிஸ்டத்துல பழைய நிக்காஹ் பத்திரிகை ஃபைலத் தொறக்குறாரு, மாப்பிள்ளை பேரு இருக்க வேண்டிய எடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடுமா நிக்குது. "என்ன காக்கா வைரஸான்னு பசங்க கேக்குறானுவோ"ன்னாரு. காக்கான்னா அங்க அண்ணன். வைரஸ் இல்ல காக்கா, அந்த ஃபைல் பாமினி ஃபான்ட்ல அடிச்சது. பாமினி, வானவில் அவ்வையார் மாதிரி பழைய ஃபான்ட்டுல உள்ளுக்குள்ள இருக்குறது ஆங்கில எழுத்துதான், மேல தமிழ் உருவம் மட்டும் ஃபான்ட் போட்டுக் காட்டும். ஃபான்ட் போனா உருவமும் போச்சு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல.

செய்ய வேண்டியது, அந்த ஃபான்ட்டத் திரும்பப் போடணும். ஃபார்மேட் போடாம அப்கிரேடு மட்டும் பண்ணிருந்தா ஃபான்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும், இல்லேன்னாலும் சி டிரைவ்ல விண்டோஸ் டாட் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள ஃபான்ட்ஸ். அங்கேருந்து காப்பி எடுத்துக்கலாம், ஆனா அந்த ஃபோல்டர் பத்து நாளைக்கு மேல தங்காது, அதனால ஒடனே பண்ணுங்க. ஃபான்ட் ஃபைல ரைட் கிளிக் பண்றப்ப சும்மா இன்ஸ்டால்னு குடுக்காதீங்க. இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்னு ஒண்ணு இருக்கும், மேல தெரியலேன்னா ஷோ மோர் ஆப்ஷன்ஸ்குள்ள இருக்கும், அதக் குடுங்க. சும்மா இன்ஸ்டால்னா அந்த ஒரு யூசருக்கு மட்டும் போடும், பேஜ்மேக்கர் மாதிரி பழைய சாஃப்ட்வேர் அதக் கண்டுக்காது, ஃபான்ட் போட்டும் வரலியேன்னு மண்டைய ஒடச்சுக்குவோம்.

இன்னொரு வகை இருக்கு. எழுத்து தமிழாத்தான் தெரியுது, ஆனா ஒரு பக்கத்துல அடங்குன லெட்டர் ரெண்டாவது பக்கத்துக்கு வழியுது, கட்டம் போட்ட பில்லுல வரி மாறி நிக்குது. இது லதா ஃபான்ட் இல்லாததால வர்றது. விண்டோஸ் 7 காலத்துல யூனிகோட் தமிழ்னாலே (எந்த கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியுற எழுத்து முறை) லதாதான், விஜயான்னு ஒண்ணும் இருந்துச்சு. இப்ப தமிழுக்கு நிர்மலா யுஐதான் கூடவே வருது, லதாவையும் விஜயாவையும் தனியா எடுத்து ஒரு கூடுதல் மூட்டையா வச்சுட்டாங்க. செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ், வியூ ஃபீச்சர்ஸ் போயி தேடுற எடத்துல தமிழ்னு ஆங்கிலத்துல அடிங்க, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு வரும், டிக் போட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. நெட் வேணும், அவ்வளவுதான். பழைய லெட்டர் எல்லாம் அதது எடத்துல போயி நிக்கும்.

டைப் பண்றதுக்கு செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், தமிழச் சேருங்க, அது பக்கத்துல இருக்குற மூணு புள்ளியத் தொட்டு லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு. தமிழ்99 இருக்கு, ஆங்கிலத்துல அடிச்சா தமிழா மாறுற ஃபொனெட்டிக்கும் இருக்கு. புதுசா கத்துக்குற பிள்ளைங்களுக்கு நான் தமிழ்99 தான் சொல்லுவேன், 1999-லயே தமிழ்நாட்டு அரசு ஏத்துக்கிட்ட லேஅவுட்டு, பழகிட்டா கை அலையாது. டைப்ரைட்டிங் லோயர், ஹயர் முடிச்ச அக்காமாருக்கு டைப்ரைட்டர் லேஅவுட்தான் கைக்கு வரும், அவங்க என்ஹெச்எம் ரைட்டரோ அழகியோ போட்டுக்கலாம். மொழி மாத்துறதுக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். அப்புறம் இத ஞாபகம் வச்சுக்கங்க, பாஸ்வேர்டு சரியா அடிச்சும் தப்புன்னு சொல்லுதுன்னா லாகின் ஸ்கிரீன்ல கீழ வலது மூலையில கீபோர்டு தமிழ்ல நிக்குதான்னு பாருங்க, பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு வந்த கேஸ்ல இது எத்தனையோ.

பிரிண்டர் வேலை செய்யல, இல்ல வேற பிரிண்டர்ல போயி அடிக்குது

பில்லு மிஷின்ல அடிக்க வேண்டியது ஆபீஸ் பிரிண்டருக்குப் போகுதுன்னா செட்டிங்ஸ்ல புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். கீழ வந்தா டீஃபால்ட் பிரிண்டர விண்டோஸே பாத்துக்கட்டும்ங்கிற ஒரு சுவிட்ச் இருக்கும். ஆன்ல இருந்தா கடைசியா எதுல அடிச்சீங்களோ அதயே டீஃபால்ட்டா ஆக்கிரும். ஆஃப் பண்ணிட்டு, வேணுங்கிற பிரிண்டரத் தொட்டு செட் ஆஸ் டீஃபால்ட் குடுங்க.

ஒரே பிரிண்டர் காப்பி 1-னு ரெண்டாவதா தெரியுதா? யுஎஸ்பி வயர வேற ஓட்டையில குத்திருக்கீங்க. பழைய ஓட்டையிலயே குத்துங்க, இல்லேன்னா பழசத் தூக்கிட்டுப் புதுச வச்சுக்கங்க.

குடுத்த பிரிண்ட் கியூவுல மாட்டி நிக்குது, கேன்சலும் ஆகலன்னா ஸ்டார்ட்ல சர்வீசஸ்னு அடிச்சுத் தொறங்க, பிரிண்ட் ஸ்பூலரக் கண்டுபிடிச்சு ஸ்டாப் குடுங்க. சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ், இந்த ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபைல மட்டும் அழிங்க, ஃபோல்டர அழிச்சிராதீங்க. திரும்ப சர்வீசஸ்ல போயி ஸ்டார்ட். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க பிள்ளைங்க வரிசையில நிக்கிறப்ப இது தெரிஞ்சவருக்கு ரெண்டு நிமிச வேலை.

பக்கத்து கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ண ஃபோல்டர் தொறக்கல

மீன் கம்பெனி ஆபீஸ்ல இது அடிக்கடி. எடை போடுற எடத்துல பழைய விண்டோஸ் 7 மிஷின், உள்ள அக்கவுண்ட்ஸ்ல புதுசு. 24எச்2-க்கு மாறினதும் புதுசுலேருந்து பழசுக்குள்ள போகமுடியாது. காரணம், பாஸ்வேர்டு இல்லாம கெஸ்ட்டா உள்ள போறத ப்ரோ எடிஷன்ல மறிச்சுட்டாங்க, நெட்வொர்க் ஷேரிங்குல டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கிட்டாங்க. நெட்ல தேடுனா அந்தப் பாதுகாப்பையே ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க. பண்ணாதீங்க. ஷேர் குடுக்குற மிஷின்ல ஒரு யூசர் பேரு உண்டாக்கி பாஸ்வேர்டு போடுங்க, அந்த யூசருக்கு ஃபோல்டர்ல அனுமதி குடுங்க, புது மிஷின்ல கேக்குறப்ப அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் அடிச்சு ரிமெம்பர்ல டிக் போடுங்க. ரெண்டு மிஷினும் நெட்வொர்க் புரொஃபைல்ல பிரைவேட்னு இருக்கான்னும் பாத்துருங்க, அப்டேட் ஆனதும் பப்ளிக்னு மாறி நிக்கிறதும் உண்டு.

சிஸ்டம் ஆமை மாதிரி ஓடுது

அப்டேட் ஆன மொத நாளு ரெண்டு நாளு மெதுவாத்தான் இருக்கும், பின்னாடி ஃபைலையெல்லாம் திரும்ப இன்டெக்ஸ் பண்ணிக்கிட்டு இருக்கும், ராத்திரி பூரா ஆன்லயே போட்டு விடுங்க. அதுக்கப்புறமும் மெதுவுன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதுன்னா உங்ககிட்ட இருக்குறது பெரும்பாலும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க். இதுக்கு செட்டிங்ஸ் எதுவும் மருந்து இல்ல. ஒரு எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) வாங்கிப் போட்டு, இருக்குற விண்டோஸ அப்படியே குளோன் பண்ணித் தரச் சொல்லுங்க. புதுசா இன்ஸ்டால் பண்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. மெமரி நெறஞ்சு நிக்குதுன்னா ரேம் பத்தல, 4 ஜிபி குறைஞ்சபட்சம்னு மைக்ரோசாஃப்ட் சொன்னாலும் 8 ஜிபி இல்லாம நிம்மதி கெடையாது. டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் ஆப்ஸ் போயி வேண்டாததெல்லாம் டிஸேபிள் பண்ணுங்க, டீம்ஸ், கேம் லாஞ்சர், பழைய டவுன்லோடர் எல்லாம் அங்கதான் ஒக்காந்திருக்கும்.

சி டிரைவ் சிவப்பா இருந்தா செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ங்கிறது பல ஜிபி புடிச்சிருக்கும். ஆனா அதத் தூக்கிட்டா பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது, மேல சொன்ன ஃபான்ட்டும் போயிரும், எல்லாம் சரியா ஓடுதான்னு பாத்துட்டுத் தூக்குங்க. அங்கேயே டவுன்லோட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அது உங்க சொந்த ஃபைலு, அதத் தொடாதீங்க.

காலையில போட்ட டேட்டா மத்தியானத்துக்குள்ள காலி

போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறவங்களுக்கு. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, நீங்க சேந்திருக்குற நெட்வொர்க் பேரத் தொட்டா மீட்டர்டு கனெக்ஷன்னு சுவிட்ச் இருக்கும், ஆன் பண்ணிட்டா பெரிய அப்டேட்ட உங்களக் கேக்காம எறக்காது. அப்புறம் விண்டோஸ் அப்டேட்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன். இங்க இன்டர்நெட்ல இருக்குற வேற கம்ப்யூட்டருக்குக் குடுக்குற மாதிரி வச்சிருந்தா, நீங்க எறக்குன அப்டேட்ட உங்க டேட்டாவுலயே ஊருக்கெல்லாம் ஏத்தி விடும். லோக்கல் நெட்வொர்க் மட்டும்னு வச்சுக்கங்க, கடையில நாலஞ்சு சிஸ்டம் இருந்தா ஒண்ணுல எறக்குனத மத்தது அதுகிட்ட வாங்கிக்கும், அது நல்ல வசதி.

எந்த சைட்டுமே தொறக்கல, தேதி எங்கயோ பின்னாடி நிக்குது

கனெக்ஷன் பாதுகாப்பா இல்லன்னு எல்லா சைட்டும் சொல்லுதா, அப்டேட்டும் எரர் அடிக்குதா, மொதல்ல கீழ வலது மூலையில தேதியப் பாருங்க. பழைய வருசம் காட்டுனா மதர்போர்டுல இருக்குற காசு சைஸ் பேட்டரி போச்சு, சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலயும் கெடைக்கும். தேதி தப்பா இருந்தா சைட்டோட செர்டிபிகேட் எதுவும் செல்லாது, அதான் காரணம். தற்காலிகமா செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம், சிங்க் நவ்.

பேட்டரி மாத்துறப்ப ஒரு சங்கதி. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி போர்டுல ஓடுற புரோகிராம்) செட்டிங்ஸ் பழைய நெலைக்குத் திரும்பிரும். சில போர்டுல செக்யூர் பூட், டிபிஎம்ங்கிற பாதுகாப்பு வசதியெல்லாம் அதுல ஆஃப் ஆயிரும், விண்டோஸ் கெளம்பாம நிக்கும், இல்ல நீலத் திரையில 48 இலக்க பிட்லாக்கர் கீய, அதாவது டிஸ்க்கப் பூட்டி வச்சிருக்குற சாவிய கேக்கும். அதனால பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் ஸ்கிரீன போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க. 48 இலக்க கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல டிவைசஸ் பக்கத்துல இருக்கும், எழுதி வீட்டுப் பத்திரத்தோட வைங்க. இதுல பெரிய ஆபத்து எதுன்னா, 24எச்2-ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நொழஞ்சா பல மிஷின்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும். ஃபார்மேட் போட்ட கடைக்காரத் தம்பி அவசரத்துக்கு தன்னோட ஈமெயில்ல லாகின் பண்ணிருந்தா, உங்க டிஸ்க்கோட சாவி அவரு அக்கவுண்ட்ல இருக்கும். நாளைக்கு அவரு துபாய் போயிட்டா யாரக் கேப்பீங்க? எப்பவும் உங்க ஈமெயில், உங்க கையால பாஸ்வேர்டு.

அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆச்சு, அதோட சரி, பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணும் வரல

இதுதான் நம்ம கரையோட சொந்த வியாதி. மண்டபம் ஊர்ல கடலப் பாத்த மாதிரி ஜன்னல் இருக்குற ஒரு ஆபீஸ்ல, அப்டேட் மதர்போர்டயே கொன்னுருச்சுன்னு சொல்லி, புது போர்டுக்கு வெலையும் வாங்கி வச்சிருந்தாங்க. கேபினட்டத் தொறந்து ரேம உருவிப் பாத்தா, தங்கக் கலர்ல பளபளன்னு இருக்க வேண்டிய காலு வரிசை மங்கி, ஓரத்துல ரெண்டு எடத்துல பச்சை பூத்திருக்கு. ஸ்லாட் வாயில வெள்ளையா பொடி. அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த சிஸ்டத்த அவங்க அணைக்கிறதே கெடையாது, ஓடிக்கிட்டு இருக்குறவரைக்கும் தொடர்பு எப்படியோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அப்டேட் ரீஸ்டார்ட் போட்டதும் போர்டு ரேம மொதல்லேருந்து சோதிச்சுச்சு, அங்க மாட்டிக்கிச்சு.

செய்முறை இதான். பிளக்க செவுத்துல இருந்தே உருவுங்க, உருவிட்டு பவர் பட்டன சித்த நேரம் அழுத்திப் புடிச்சு மிச்சக் கரண்ட்ட வெளியேத்துங்க. கேபினட் இரும்பத் தொட்டுட்டு அப்புறம் ரேமத் தொடுங்க. ரெண்டு பக்கமும் இருக்குற கொக்கியத் தள்ளுனா ரேம் மேல எழும்பும். கேபினட்டுக்கு வெளிய தள்ளி வச்சு, பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால அந்தக் காலுங்கள ஒரே பக்கமா மெல்லத் தேயுங்க, தூள் ஸ்லாட்டுக்குள்ள விழக்கூடாது. அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, நல்லாக் காஞ்சதும் டக்னு சத்தம் கேக்குறவரைக்கும் அழுத்தி மாட்டுங்க. ஸ்லாட்ட பெயின்ட் பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. தேங்காண்ணெய், தண்ணி, உப்புத்தாள் எதுவும் ஆகாது. அந்த ஆபீஸ் சிஸ்டம் அன்னைக்கே எந்திரிச்சு, பாதியில நின்ன அப்டேட்ட அதுவே முடிச்சுக்கிச்சு.

காத்துல ஈரப்பதம் முக்கா பங்கு, அதாவது 75 சதவீதத்தத் தாண்டுனா படிஞ்ச உப்பு தானாவே தண்ணிய இழுத்து ஈரமாயிரும், அந்த ஈரம்தான் செம்ப அரிக்கிறது. அதனால மாசக்கணக்குல அணைச்சு வச்ச சிஸ்டம் ஓடுற சிஸ்டத்த விட சீக்கிரம் கெடும். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல ஆபீஸ மூடிருவாங்க, அப்பயும் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா வந்து ஒரு மணி நேரம் ஓட விடுங்க. பெரிய வெர்ஷன் அப்டேட் போடுறதுக்கும் அதுதான் தோது, வேலை நெருக்கடி இருக்காது. கேபினட்டத் தரையில வைக்காதீங்க, கடல் பாத்த ஜன்னலுக்கு நேராவும் வேண்டாம்.

அப்டேட் பாதியில கரண்ட் போச்சு, இப்ப சுத்திக்கிட்டே இருக்கு

ஐப்பசி கார்த்திகை வாடைக்காத்துல இது சகஜம். அன்டூயிங் சேஞ்சஸ்னு வந்தா விட்டுருங்க, அவசரப்பட்டு அணைக்காதீங்க, அது பழசுக்குத் திரும்பிக்கிட்டு இருக்கு. ராத்திரி பூராவும் விட்டும் நகரலன்னா, ஆன் பண்ணி லோகோ வந்து சுத்த ஆரம்பிச்சதும் பவர் பட்டன அழுத்திப் புடிச்சு அணைங்க, இதயே மூணு தடவை. அடுத்த தடவை ஆட்டோமேட்டிக் ரிப்பேர் வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், திரும்ப அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாசாந்திர அப்டேட்னா குவாலிட்டி, வெர்ஷன் மாறுன பெரிய அப்டேட்னா ஃபீச்சர். இதுல உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

விண்டோஸுக்குள்ள போகமுடியுது ஆனா ஒண்ணு மாத்தி ஒண்ணு கோளாறுன்னா, செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி. அங்க ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்னு ஒண்ணு, பக்கத்துல ரீஇன்ஸ்டால் நவ். விண்டோஸ மட்டும் புதுசா எறக்கி மேல போடும், ஃபைல், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் மூணும் அப்படியே இருக்கும். ஃபார்மேட் போடணும்னு சொல்ற கடையில இதப் போட்டுப் பாத்தாச்சான்னு கேளுங்க. சில ஜிபி எறங்கும், ஹாட்ஸ்பாட்ல வேண்டாம், பிராட்பேண்ட் இருக்குற எடத்துல போடுங்க. அதே பக்கத்துல கோ பேக்னு இருக்கும், அப்கிரேடு ஆகி பத்து நாளைக்குள்ளன்னா விண்டோஸ் 10-க்கே திரும்பிரலாம்.

திரும்புனா அங்கயும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்க வழி இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிஞ்சுக்கலாம். இன்டெல் எட்டாவது தலைமுறைக்கு முந்துன பிராசஸருக்கு, ஒண்ணு ரெண்டு தவிர, 11 அதிகாரப்பூர்வமா கெடையாது. குறுக்கு வழியில போட்டுத் தர்றோம்னு சொல்லுவாங்க, பணப் பட்டுவாடா நடக்குற மிஷின்ல அத நான் ஒத்துக்க மாட்டேன்.

சில்லறைக் கோளாறுங்க

சத்தம் வரலன்னா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், வி மூணையும் அழுத்துங்க, எந்த ஸ்பீக்கர்னு கேக்கும், எச்டிஎம்ஐ மானிட்டர்ல போயி நின்னுருக்கும், மாத்திக்கங்க. வைஃபை படமே காணோம்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டரத் தொறந்து டிரைவர் பக்கத்துல ரோல் பேக் டிரைவர். கைரேகை மிஷின் எடுக்கலன்னா சர்வீசஸ்ல அந்தக் கம்பெனியோட ஆர்டி சர்வீஸ் (அந்த மிஷின ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுதான்னு பாத்து ஆட்டோமேட்டிக்ல வைங்க, யுஎஸ்பிய முன்பக்கம் குத்தாம பின்பக்கம் குத்துங்க. ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணியும் கோளாறு போகலன்னா ரீஸ்டார்ட் குடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் முழுசா அணையிறது இல்ல.

பிரவுசருக்குள்ள திடீர்னு முழுத்திரையா ஒரு எச்சரிக்கை, சைரன் சத்தம், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு வந்தா அது அப்டேட்டும் இல்ல, மைக்ரோசாஃப்ட்டும் இல்ல. ஆல்ட்டும் எஃப்4-ம் அழுத்தி மூடுங்க, மூடலன்னா டாஸ்க் மேனேஜர்ல பிரவுசர எண்ட் டாஸ்க் குடுங்க. கூப்பிட்டு காசு ஏதும் போயிருச்சுன்னா தாமசிக்காம சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க.

மாசாந்திர அப்டேட் வர்றது ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு அன்னைக்கு ராத்திரி. கடை சிஸ்டத்துல ஒரு வாரம் பாஸ் (Pause) பண்ணி வச்சுட்டு அடுத்த வாரம் போடுங்க, அஞ்சு வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம், ஆனா ஒரேடியா நிறுத்தி வச்சிராதீங்க. ஆக்டிவ் ஹவர்ஸ்ல கடை நேரத்தக் குறிச்சு வச்சா நடு வேலையில ரீஸ்டார்ட் ஆகாது.

எல்லாம் பாத்தாச்சு, ஃபார்மேட் தவிர வழியில்லன்னா

டிஸ்க்கே பழுதானா, வைரஸ் ஃபைலையெல்லாம் பூட்டிருச்சுன்னா வேற வழியில்ல. குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இதையெல்லாம் எடுத்துருங்க. யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க பேருல இருக்குறது முழுசா, ஒன்டிரைவ் ஃபோல்டரும் சேத்து. சி டிரைவ் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். பில்லிங் சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டரு, அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ்ல இருக்காது, எங்க இருக்குன்னு சாஃப்ட்வேருக்குள்ளயே காட்டும், அதோட பேக்கப்பும் லைசென்ஸ் நம்பரும். பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, புக்மார்க். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோட டிரைவர் பேரு, பிரிண்டர் மாடல் பேரு. எடுத்தத இன்னொரு கம்ப்யூட்டர்ல சொருகி நாலு ஃபைலத் தொறந்து பாத்துட்டு, அப்புறமா சிஸ்டத்தக் கடைக்குத் தூக்குங்க.